நாற்பத்தேழு காசு

நம் சங்க மலருக்கு ஏதேனும் எழுதித் தர வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "எனக்கு எழுத்து வராது, கணக்குத்தான் வரும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்குக் கணக்கும் வராது என்பது நம் சமையற்கூடத்தில் இரவு உணவு உண்ணும் 83 பேருக்கும் தெரிந்த செய்தி. சென்ற ஆண்டு நடந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், மறக்கவும் வேண்டாம். ஆகவே அதையே எழுதிவிடுகிறேன். இந்த ஆண்டு புதிதாக வந்து, சி மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையர்க்கு, அவர்கள் கேட்கக் கூசும் சில கேள்விகளுக்கு இதில் விடையும் கிடைக்கலாம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழ்வழியில் பயின்றவன். இளங்கலையில் கணிதம். அங்கே ஒரு பருவம் பைதான் மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதினால் ஓடும், ஓடினால் விடை வரும், வந்த விடையை ஏட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அந்தத் துணிவோடுதான் முதுகலைக்காக வடக்கே ஏறி வந்தேன். இங்கே முதல் வாரமே சி மொழி ஆய்வுக்கூடம். என் துணிவு அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

முதலில், எழுதியது ஓடவே இல்லை. பக்கத்தில் இருந்தவன், "கம்பைல் செய்தாயா?" என்றான். ஏன் செய்ய வேண்டும், எழுதியாயிற்றே என்பதுதான் எனக்குள் எழுந்த கேள்வி. அதை நான் கேட்கவில்லை. என் கேள்விகள் தமிழில்தான் பிறக்கும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் சட்டை தைத்துப் போட்டு வெளியே அனுப்புவதற்குள் ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். இந்தியில் அனுப்பலாமென்றால் சட்டைத் துணியே என்னிடம் இல்லை. இப்படி வெளியே வராமலே மடிந்த கேள்விகள் முதல் மாதத்தில் நூறு இருக்கும்.

நல்ல வேளையாக நம் சங்கத்தில் ஓர் அக்கா இருந்தார்கள். கணிப்பொறித் துறையில் ஆய்வு மாணவி. வியாழக்கிழமை மாலைகளில் நூலகத்துப் பின்கட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். முதல் வியாழன் என் முதல் கேள்வியைக் கேட்டேன். அவர்கள் சிரிக்கவில்லை.

"பொதுக்கூட்டத்தில் வடநாட்டுத் தலைவர் பேசப் பேச, ஒருவர் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வாரே, பார்த்திருக்கிறாயா? உன் பைதான் அந்த மாதிரி. ஓடும்போது ஒரு வரி இடறினாலும் அதற்கு முந்திய வரிகளெல்லாம் கூட்டத்தின் காதில் விழுந்திருக்கும். சி அப்படியில்லை. பேச்சு முழுவதையும் முதலில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து முழுவதையும் மொழிபெயர்த்துத் தனிப் புத்தகமாக்கித் தருவார். கூட்டத்துக்குப் போவது அந்தப் புத்தகந்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் கம்பைலர். தமிழில் தொகுப்பி என்கிறோம். கையெழுத்துப் படியில் ஓரிடத்தில் இலக்கணம் பிழைத்தாலும் புத்தகம் வெளிவராது."

(பைதானும் உள்ளுக்குள்ளே ஒரு சிறு மொழிபெயர்ப்பைச் செய்துகொள்கிறதென்று பின்னால் படித்தேன். தொடங்குகிறவனுக்கு மேடை உவமையே போதும்.)

அதன்பிறகு என் வியாழக்கிழமைகள் கேள்விக்கிழமைகள் ஆயின. அவற்றுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒருநாள் 40 வரி எழுதினேன். பிழை கடைசி வரியில் என்று காட்டிற்று. கடைசி வரியில் ஒரே ஓர் அடைப்புக்குறிதான் இருந்தது. அதை அழித்தும் எழுதியும் ஒரு மணி நேரம் போராடினேன். அக்கா வந்து பார்த்து, ஏழாம் வரியில் திறந்த அடைப்பை நான் மூடவே இல்லை என்று காட்டினார்கள். தொகுப்பிக்கு அது எப்படித் தெரியும்? மூடுவான், மூடுவான் என்று நம்பிக்கொண்டே கடைசி வரை வந்து, அங்கே தெரு முடிந்துவிட்டதே என்று கையை விரிக்கிறது. பிழை காட்டும் இடம் அது திகைத்து நின்ற இடம். நாம் இடறிய இடம் அதற்கு மேலே எங்கேனும் இருக்கும். முப்பது பிழை என்று திரை நிரம்பினாலும் அஞ்ச வேண்டாம். முதற்பிழையைத் திருத்தி மறுபடி கொடுத்தால் பாதிக்கு மேல் தாமாகவே மறைந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்னொரு நாள் வர்க்கமூலம் காண வேண்டியிருந்தது. கணிதத் தலைப்புக் கோப்பை முறைப்படி மேலே சேர்த்திருந்தேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் 'அப்படி ஒரு சார்பு எங்கும் இல்லையே' என்று முடிவில் ஒரு முணுமுணுப்பு. தலைப்பில்தான் சேர்த்திருக்கிறேனே என்று அழாக்குறையாகக் கேட்டேன். "கலியாண அழைப்பிதழில் நாதசுர வித்துவான் பெயரை அச்சிட்டுவிட்டாய். அச்சாரம் கொடுத்து ஆளை அழைத்து வந்தாயா?" என்றார்கள். தலைப்புக் கோப்பு பெயரைத்தான் அறிவிக்கும். சரக்கு இருப்பது நூலகத்தில். கட்டளையின் கடைசியில் 'எல்எம்' என்ற ஒட்டைச் சேர்த்தால்தான் கணித நூலகம் வந்து இணையும். மொழிபெயர்ப்பது ஒரு வேலை. இணைப்பது வேறொரு வேலை. இந்த ஒன்றை அறியாமல் என்னோடு படித்தவர்களில் பலர் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள்.

வரிசை பற்றிய கேள்விதான் என்னை மிகவும் படுத்தியது. பத்து எண்களுக்கு இடம் ஒதுக்கினால் அவை சுழியம் முதல் ஒன்பது வரை. நான் வழக்கம்போல் ஒன்று முதல் பத்து வரை எழுதினேன். தொகுப்பி வாய் திறக்கவில்லை. பொறியும் ஓடிற்று. ஆனால் அருகில் இருந்த வேறொரு மாறியின் மதிப்பு தானாக மாறிக்கொண்டிருந்தது. "உன் விடுதியில் பத்து அறை உனக்கு. பதினோராவது அறைக் கதவைத் தட்டி உன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வருகிறாய். மதில் சுவரைத் தாண்டினால்தான் காவற்காரர் பிடிப்பார். மதிலுக்குள்ளேயே அடுத்தவன் அறைக்குப் போனால் அவருக்கென்ன தெரியும்?" என்றார்கள் அக்கா. மதிலைத் தாண்டும்போது வருவதுதான் நாமெல்லோரும் கண்டு நடுங்கும் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. அது வந்தால் நல்ல காலம் என்றே சொல்வேன். பிடிபடாமல் அடுத்த அறைக்குள் நுழைவதுதான் பொல்லாதது. 1988 நவம்பரில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கிய மோரிஸ் புழு புகுந்த வழிகளில் ஒன்று, வருகிற எழுத்தின் நீளத்தை அளக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் 'கெட்ஸ்' என்ற சி மொழிச் சார்பு. 2011-ஆம் ஆண்டின் சி தரநிலையில் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். பழைய பாடநூல்கள் சிலவற்றில் இன்னும் அது உட்கார்ந்திருக்கிறது. கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

இன்னும் ஒன்று. நம் ஆய்வுக்கூடத்தில் உள்ள ஜிசிசி தொகுப்பிக்கு 'வால்' என்று ஒரு கட்டளைக் குறி உண்டு. எச்சரிக்கைகளைச் சொல் என்று அதற்குப் பொருள். நமக்கோ வால் என்றால் வாலாகத்தான் தோன்றும். அந்த வாலை ஒட்டிவிட்டால், சமமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இரண்டு = குறிக்குப் பதில் ஒன்றைப் போட்டாலும், 'ஸ்கேன்எஃப்'பில் & குறியை விட்டாலும் பெரும்பாலும் சொல்லிவிடும். வாலில்லாத தொகுப்பியை நம்ப வேண்டாம் என்பது அக்காவின் கட்டளை. நானும் ஒட்டினேன். ஒட்டியதனால் எனக்குத் தலைக்கனம் வந்தது. எச்சரிக்கை ஒன்றுமின்றி ஒரு நிரல் தேறிவிட்டால் அதில் குற்றமே இருக்க முடியாதென்று நம்பத் தொடங்கினேன். இனிமேல் சொல்லப்போவதெல்லாம் அந்த நம்பிக்கையின் கதை.

நம் சமையற்கூடம் எப்படி நடக்கிறதென்று புதியவர்களுக்குத் தெரியாது. பகலில் விடுதிச் சாப்பாடு. இரவில் மட்டும் நம் சங்கத்தின் பொறுப்பில் சோறும் குழம்பும். சமைப்பவர் நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் திருநெல்வேலிக்காரர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இந்த ஊருக்கு வந்து இருபது ஆண்டு கடந்துவிட்டது. மாதச் செலவை, எல்லோரும் சேர்ந்து உண்ட மொத்த இரவுகளால் வகுத்தால் ஓர் இரவுக்கு ஆகும் வீதம் வரும். அதை அவரவர் உண்ட இரவுகளால் பெருக்கினால் அவரவர் பங்கு. முன்பெல்லாம் அண்ணாச்சியும் பொருளாளரும் இரண்டு நாள் உட்கார்ந்து இதைப் போடுவார்கள். சென்ற ஆகஸ்டு முடிவில், சி மொழி படித்து நான்கே வாரமான நான், "இது ஒரு வேலையா? நான் நிரல் எழுதித் தருகிறேன்" என்று முன்வந்தேன். அன்று இரவு எனக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

நிரல் எழுதினேன். செலவு முழு எண். இரவுகள் முழு எண். வீதத்தில் காசு வருமே என்று அதை மட்டும் 'டபுள்', அதாவது புள்ளிக்குப் பின்னும் இடமுள்ள எண், என்று முன்யோசனையோடு அறிவித்தேன். வாலை ஒட்டித் தொகுத்தேன். ஓர் எச்சரிக்கையும் இல்லை. ஆகஸ்டுச் செலவு 1,24,800 ரூபாய், இரவுகள் 2,210. வீதம் 56.00 என்று அழகாக அச்சாயிற்று. 83 பெயரும் எதிரே தொகையும் கொண்ட தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வழக்கப்படி அவர்தான் எல்லோரிடமும் ரொக்கமாக வாங்கிப் பொருளாளரிடம் ஒப்படைப்பார்.

மறுநாள் காலை அண்ணாச்சி என் அறை வாசலுக்கே வந்துவிட்டார். கையில் நாற்பது பக்க நோட்டு; காதிலே பென்சில்.

"தம்பி, நானும் ராத்திரி போட்டுப் பாத்தேன். அம்பத்தாறு ரூவா நாப்பத்தேழு காசுல்லா வருது? நீங்க வெறும் அம்பத்தாறுன்னு போட்டிருக்கீயளே?"

எனக்கு வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, இது கணிப்பொறி போட்ட கணக்கு. கைக்கணக்கில் எங்கேயாவது சறுக்கியிருக்கும்" என்றேன். நோட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"சரிதான். படிச்ச பிள்ளைய சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் எள்ளல் இருந்ததா என்று நான் பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றே தோன்றுகிறது. எள்ளியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

பணம் வசூலாயிற்று. பொருளாளர் எண்ணிப் பார்த்தார்: 1,23,760. செலவுக்கு 1,040 ரூபாய் குறைவு. பட்டியலின் அடியில் கூட்டுத்தொகை அச்சிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. 83 வரிகளையும் கூட்டிப் பார்க்க வேறு எவருக்கும் தோன்றவில்லை. பொறி போட்ட தாளை யார் கூட்டிப் பார்ப்பார்கள்? வாங்கியவர் கையில் குறைந்திருக்கிறது என்று முடிவாயிற்று. அந்த மாதச் சம்பளத்தில் அண்ணாச்சிக்கு 1,040 ரூபாய் பிடிக்கப்பட்டது.

செப்டம்பரில் செலவு 1,31,500, இரவுகள் 2,180, வீதம் 60.00. குறைந்தது 700. அக்டோபரில் பூசை விடுமுறை; இரவுகள் 2,005; செலவு 1,18,900; வீதம் 59.00. குறைந்தது 605. மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? சாப்பாட்டுப் பந்தியில் பேச்சு எழுந்தது. "வயதாகிவிட்டது, மறதி" என்றார் ஒருவர். "மறதி எப்போதும் ஒரே பக்கமாகவா சாயும்?" என்றார் மற்றொருவர். அப்போது, "பொறி பொய் சொல்லாது" என்று ஒரு குரல் கேட்டது. அதைச் சொன்னவன் நான். அண்ணாச்சி இரசவாளியோடு இரண்டு இலை தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

நவம்பர் நடுவில் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு பயிற்சி தந்தார்கள். ஐந்து நாள் வெப்பநிலையின் சராசரி காண வேண்டும். 30, 31, 33, 32, 32, கூட்டினால் 158, ஐந்தால் வகுத்தால் 31.6. என் நிரல் 31.00 என்றது. வாலும் ஒட்டியிருந்தேன், எச்சரிக்கை இல்லை. வியாழன் மாலை அக்காவிடம் கொண்டுபோனேன்.

"7/2 எவ்வளவு?" என்றார்கள்.

"மூன்றரை."

"பைதானில் மூன்றரை. அதுவும் 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்த பிறகுதான். சி மொழியில் மூன்று. இரண்டு பக்கமும் முழு எண்ணாக இருந்தால் வகுத்தலும் முழு எண் வகுத்தல். மிச்சம் போன இடம் தெரியாது."

"ஆனால் விடையை நான் டபுளில்தானே வாங்குகிறேன்?"

"வகுத்து முடித்த பிறகுதானே வாங்குகிறாய்? அரை லிட்டரைக் கீழே கொட்டிவிட்டு, மீதியைப் பெரிய பாத்திரத்தில் பிடித்தால் கொட்டியது திரும்பி வருமா?"

நான் உடனே புத்திசாலித்தனமாக, வகுத்ததை அடைப்புக்குள் போட்டு வெளியே டபுள் என்று மாற்றக்குறி எழுதினேன். மறுபடியும் 31.00. "மாவு அரைத்த பிறகு கல் பொறுக்குகிறாயே" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். வகுபடும் எண்ணை வகுப்பதற்கு முன்னாலேயே டபுளாக மாற்ற வேண்டும். மாற்றினேன். 31.60.

இந்த விதி ஒன்றும் சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியின் குறும்பு அல்ல. 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரானிலேயே உண்டு. முழு எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் பொறியின் உள்ளே கணக்குப் போடும் முறையே வேறு. எதைக் கொடுக்கிறோமோ அதற்குரிய முறையில் போடும். சில வேளை மிச்சத்தை வேண்டுமென்றே தள்ள வேண்டியிருக்கும். 83 பேரைப் பத்துப் பத்தாகப் பந்தியில் உட்கார்த்தினால் நிறைந்த பந்தி எட்டு. எட்டே காலே ஒருமாப் பந்தி என்று யாரும் சொல்வதில்லை. நாம் கேட்டது முழு எண் கணக்கா, பின்னக் கணக்கா என்பது தொகுப்பிக்குத் தெரிய வழியில்லை. இலக்கணம் சரியாக இருக்கிறது. ஆகவே அது வாய் திறவாது.

அக்கா பேசிக்கொண்டே போனார்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியரின் ஏரியான் 5 ஏவூர்தி, கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் சிதறியதைச் சொன்னார்கள். பெரிய புள்ளி எண் ஒன்றை 16 பிட்டு முழு எண்ணுக்குள் திணிக்கப் போனதுதான் காரணமாம். அந்தச் சிறு பெட்டியில் 32,767-க்கு மேல் கொள்ளாது. 1963-இல் கான்பூர் ஐஐடியில் ஐபிஎம் 1620 வந்திறங்கிய காலத்தையும், ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வைத்தீஸ்வரன் இராஜாராமன் அங்கே ஃபோர்ட்ரான் கற்பித்ததையும், மாணவருக்கென்று அவர் எழுதிய பாடநூல்களையும் சொன்னார்கள். அன்று நிரலை அட்டையில் துளையிட்டுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு புள்ளி பிழைத்தால் மறுபடியும் காத்திருப்பு. ஆகவே கொடுப்பதற்கு முன்பு கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவார்களாம்.

'கையால் போட்டுப் பார்த்து' என்ற சொல் என் காதில் விழுந்தது. அதற்குப் பின்பு அக்கா சொன்னவை எதுவும் விழவில்லை. 56.00. 60.00. 59.00. மூன்று மாதமும் காசுப் பக்கம் சுழியம்! பருப்பும் புளியும் எண்ணெயும் வாங்கிய செலவு, நம் சங்கத்தார் உண்ட இரவுகளால் மூன்று மாதமும் மிச்சமின்றி வகுபடுமா? கணிதத்தில் பட்டம் வாங்கியவன் நான்! நாற்பத்தேழு காசைச் சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் என் வாசலுக்கு வந்தார்.

நூலகத்திலிருந்து விடுதிக்கு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. அறைக்குப் போய்ப் பெருக்கிப் பார்த்தேன். 2,210 இரவுக்கு ரூபாய் 56 வீதம் 1,23,760. ஒரு ரூபாய்கூட முன்பின் இல்லை. அண்ணாச்சி வாங்கியதை வாங்கியபடியே ஒப்படைத்திருக்கிறார்.

நேரே சமையற்கூடத்துக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. அன்று இரவு சாப்பிடவே போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் நிரலைத் திருத்திவிட்டால், நவம்பரிலிருந்து கணக்கு நேராகிவிடும். பேச்சும் தானாக அடங்கிவிடும் என்று ஒரு எண்ணம் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்பது வரி நிரலில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? 2,345 ரூபாய் அண்ணாச்சி கணக்கிலேயே நின்றிருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் போனேன். பனிமூட்டத்தில் சமையற்கூட விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அண்ணாச்சி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முழு எண், டபுள், வகுத்தல் என்று ஏதேதோ உளறினேன். அவர் துருவுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"அப்போ நாப்பத்தேழு காசு சரிதானா?"

"சரிதான், அண்ணாச்சி."

"நோட்டுல மூணு தரம் போட்டுப் பாத்தேன், தம்பி. மூணு தரமும் அதான் வந்துது." சிறிது நேரம் கழித்து, "வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொன்னேன். அவ நம்புனா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பந்தியில் நான் சொன்ன சொல்லையும் திருப்பிச் சொன்னேன். பொருளாளர் முகத்தில் ஈயாடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை; என் தாளை நம்பியதுதான் அவர் செய்த குற்றம். பிடித்த பணம் முழுவதையும் சங்க இருப்பிலிருந்து அன்றே அண்ணாச்சிக்குத் திருப்பித் தருவது, பிறகு மூன்று மாதத்துக்கும் சரியான கணக்குப் போட்டு அவரவர் பாக்கியை வசூலித்து இருப்பில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அண்ணாச்சி கூட்டத்துக்கு வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டார்.

நிரலைத் திருத்தும்போது டபுளையும் எடுத்துவிட்டேன். பணக்கணக்குக்கு அதுவும் ஆகாது என்று அக்கா எச்சரித்திருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கை நாம் தசமத்தில் எழுதி முடிக்க முடியாதது போலவே, பத்துக் காசைப் பொறியின் இரும முறையில் மிகச் சரியாக எழுத முடியாது. கடைசியில் எங்கோ ஒரு துளி பிசகும். ஆகவே எல்லாவற்றையும் காசாக மாற்றிவிட்டு முழு எண்ணிலேயே போட வேண்டும். செலவு 1,24,80,000 காசு. இப்போதைய பொறிகளில் 'இன்ட்' என்னும் முழு எண் ஏறத்தாழ 214 கோடி வரை தாங்கும். ரூபாயில் 2 கோடியே 14 இலட்சம். நம் சமையற்கூடம் அவ்வளவு வளர இன்னும் நாளாகும்.

புதிய தாளை முதலில் அண்ணாச்சியிடந்தான் கொடுத்தேன். இம்முறை அடியில் கூட்டுத்தொகையும் இருந்தது. அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, காதிலிருந்த பென்சிலை எடுத்து, நோட்டைத் திறந்தார். நான் பக்கத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆயிற்று. தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"மூணு மாசத்துக்கும் சேத்து ஏழு ரூவா இருவது காசு இடிக்கே, தம்பி?"

எனக்கு அடிவயிறு கலங்கிற்று. வாங்கிப் பார்த்தேன். ஆகஸ்டில் 1.30, செப்டம்பரில் 2.40, அக்டோபரில் 3.50. காசுக்கும் கீழே போகாமல் வகுத்தால் எஞ்சும் மிச்சம் அது. "இதைப் பங்கு போட முடியாது, அண்ணாச்சி. 2,210 இரவுக்கு 130 காசு. ஓர் இரவுக்கு ஒரு காசுகூட வராது" என்றேன்.

"பங்கு போட முடியாட்டி என்ன? இருக்குன்னு எழுதி வையுங்க. எழுதாமப் போனதுதானே வெனை."

சி மொழியில் வகுத்தபின் நிற்கும் மீதியைத் தருவதற்கென்றே % என்று ஒரு குறி இருக்கிறது. இரண்டாம் வாரமே படித்திருந்தேன். எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அன்று மாலை நிரலில் இன்னும் ஒரு வரி சேர்த்தேன். இப்போது மாதந்தோறும் சமையற்கூடச் சுவரில் ஒட்டப்படும் தாளில், கூட்டுத்தொகைக்குக் கீழே 'மிச்சம்' என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாள் ஒட்டியதும் அண்ணாச்சி அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்துவிட்டு நோட்டைத் திறப்பார்.